அட்டவணை மூன்று

பழைய பதிவேட்டு அறைக்குச் சாவி இரண்டு.
ஒன்று தொலைந்துவிட்டது.
மற்றதை வைத்திருக்கும் விமலேந்திரன்
ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"இன்னமும் முடியல்லையா டொக்டர் உங்கட ஆராய்ச்சி?"

முடியவில்லை.
டெங்குக் காலத்தில் நின்றுபோகும்,
பரீட்சை மாதத்தில் நின்றுபோகும்,
வாவி பெருகி வீதியை மூடிய கிழமை
பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றியதோடு சரி.
இருபத்தைந்து வருடத்தில் நான் எழுதியவை
பாம்புக்கடி பற்றி நான்கு,
எலிக்காய்ச்சல் பற்றி ஏழு.
அவற்றில் சிறுநீரகம் இருந்தது, இரத்தம் இருந்தது,
ஆள் பேசியது எதிலும் இல்லை.

இது ஒரு சொல்லைப் பற்றியது.

"நெஞ்சுக்க ஒரு அந்தரம்" என்று
வெல்லாவெளியிலிருந்து வருகிறவர் சொல்வார்.
ஏறாவூர்க்காரரும் அதையே சொல்வார்.
வாசலில் தாதி கேட்டபடியே
தமிழில் துண்டெழுதி அனுப்புவார்.
வாட்டுக்குள் வந்ததும்
அது ஆங்கிலத்தில் பதற்றம் ஆகிவிடும்.
பதற்றத்துக்கு ஒரு மாத்திரை உண்டு.
மாத்திரைக்குப் பிறகு தூக்கம் உண்டு.
அதற்குப் பிறகு என்ன என்று எண்ண
எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் வேண்டியிருந்தன.

அந்தரம் என்றவர்கள் நாற்பத்தொரு பேர்.
பதற்றமாக்கப்பட்டவர்கள் இருபத்தொன்பது.
விடியுமுன் ஈசிஜி மாறியவர்கள் ஆறு.
ஆறில் மூன்று கோப்பு
அந்தப் பக்கத்தோடு முடிகிறது.

முதல் சஞ்சிகை திருப்பி அனுப்பியது:
ஒரு வைத்தியசாலை, ஒரு சொல், பொதுமைப்படுத்த இயலாது.
இரண்டாவது கேட்டது:
இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தரவும்.
அக்கரைப்பற்று றிஸ்மியா, என் ஆய்வு உதவியாளர்,
பதினொரு சொல் எழுதி
பதினொன்றையும் வெட்டினாள்.
"மேடம், இது வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவிலயும் தானே?
அதை எப்பிடி ஒரு பெட்டிக்குள்ள போடுறது?"

அட்டவணை மூன்று, நான்காம் வரிசை.
ஆண், ஐம்பத்து நான்கு, மீன் வாடி வைத்திருந்தவர்.
தொண்ணூற்றெட்டு நவம்பர், இரவு இரண்டரை.
குறிப்பின் எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.
அந்த வருடம் இங்கே இடது கையால் எழுதிய
பயிற்சி மருத்துவர் ஒருத்திதான்.

பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தோம்,
நெறிமுறைக் குழுவின் நிபந்தனை.
முகமாவது வரும் என்று
அரை மணிநேரம் அந்தக் கோப்போடு இருந்தேன்.
வரவில்லை.
அந்த இரவுகளில் காயக்காரர் வந்திறங்கினால்
நெஞ்சைப் பிடித்தவர் காத்திருக்கத்தான் வேண்டும்;
அப்படிச் சொல்லலாம்.
வரவுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அன்றிரவு காயக்காரர் யாரும் வரவில்லை.

வரிசையை நீக்கவில்லை.
முறையியல் பகுதியில் ஒரு வசனம் சேர்த்தேன்:
ஆய்வாளர்களில் ஒருவர்
இப்பதிவுகளில் ஒன்றை எழுதியவர்.
மதிப்பாய்வாளர் எவரும் அதைப் பற்றி
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நான் திரைக்கு வெளியே நிற்கிறேன்.
நான் உள்ளே போனால் மாணவர்கள்
நோயாளியை விட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்;
அதுவும் தரவில் வந்ததுதான்,
அட்டவணை ஐந்து.

ஒன்பதாம் கட்டில், களுவாஞ்சிகுடிப் பெண்.
அந்தரம் என்கிறார்.
மாணவி தினுஷி, அம்பாறைப் பிள்ளை,
தமிழ் மூன்று வருடமாகத்தான்.
எழுதாமல் பேனாவை நிறுத்துகிறாள்.
"அந்தரம் எண்டா எப்படி அம்மா? எனக்குத் தெரியாது."

நீண்ட நேரம் சத்தமில்லை.
மின்விசிறி சுற்றுகிறது.

"தோணியில ஒரு கால், கரையில ஒரு கால்.
தோணி விலகுது புள்ள.
அப்பிடிக் கிடக்கு."

பேனா நகரும் சத்தம், மெதுவாக,
எழுத்துக்கூட்டி, தமிழில்.
அதன் பிறகு ஈசிஜி வண்டி வருகிறது.
ஒரு சில்லு கீச்சிடும்.
அதைத் திருத்தச் சொல்லி
மூன்று கடிதம் கொடுத்தாயிற்று.